விடை மட்டும் போட்டா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில கிழமைக் கிழமை வாற மாணவர் பக்கத்தை நாங்க வெட்டி ஃபைல்ல போட்டு வைக்கிறனாங்கள், அந்தக் கணக்கு வினாத்தாளுக்காகவே பேப்பர் வாங்குற வீடு எங்கட வெள்ளவத்தை ஒழுங்கையிலயே ரெண்டு மூண்டு இருக்கு. ஆனா அடுத்த கிழமை வாற விடையைப் பாத்தா 3/4, x = 5, 70° எண்டு மட்டும்தான் கிடக்கு. அது எப்பிடி வந்ததெண்டு பிள்ளை கேட்டா நான் என்னத்தைச் சொல்ல, நான் கடைசியா கணக்குச் செய்தது ஓ.எல் (சாதாரண தர) சோதினையில.

மகன் தரம் 7. போன கிழமை 1/2 + 1/4 க்கு 2/6 எண்டு எழுதி வச்சிருந்தான், மேல இருக்கிறதை மேலயும் கீழ இருக்கிறதை கீழயும் கூட்டியிருக்கிறான். நான் பேசேல்ல. அரை றாத்தல் பாணும் கால் றாத்தல் பாணும் வாங்கினா எவ்வளவு பாண் எண்டு கேட்டன், டக்கெண்டு முக்கால் எண்டான். சரி அப்ப உந்த 2/6 ஐ சுருக்கிப் பாரெண்டன். 1/3 வந்திச்சு. அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விட எப்பிடியடா குறையும்? கொஞ்ச நேரம் கொப்பியையே பாத்துக்கொண்டிருந்திட்டு சிரிச்சிட்டான். பிறகு அரையை 2/4 ஆக்கி தானே செய்தான், பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) பற்றி நான் வாயே திறக்கேல்ல.

சமன்பாடும் இப்பிடித்தான். 3x + 5 = 20 எண்டா 5ஐ அங்கால கொண்டுபோனா மைனஸ் எண்டு ரியூசன்ல குடுத்திருக்கு, ஏனெண்டு கேட்டா "அது ரூல்" எண்டுறான். அதால 3x = 15 வந்ததும் அந்த 3ஐயும் அங்கால கொண்டுபோய் மைனஸ் ஆக்கி x = 12 எண்டு எழுதுறான். தராசில ரெண்டு தட்டிலயும் ஒரே அளவு எடுத்தா தட்டு சரியா நிக்குமெண்டு, பிறகு மூண்டாப் பிரிக்கோணுமெண்டு ஒரு வரி போட்டா என்ன? முக்கோணியின்ர மூலை மூண்டையும் கிழிச்சு பக்கத்தில பக்கத்தில வச்சா நேர்கோடு வருது, 180 பாகை, ஒருக்கா கிழிச்சுப் பாத்த பிள்ளை அதை மறக்காது.

யூடியூப்ல பாருங்கோ எண்டுறாங்கள். அதில கூட வாறது இந்தியா வீடியோ, அங்க முக்கோணம், கர்ணம், இயற்கணிதம், எங்கட புத்தகத்தில முக்கோணி, செம்பக்கம், அட்சரகணிதம். பெடியன் ரெண்டும் வேற வேற பாடமெண்டு நினைச்சிட்டான், உண்மையா.

ஓ.எல் இரண்டாம் பேப்பரில படிமுறைக்கும் புள்ளி இருக்கு, விடை பிழைச்சாலும் வழி சரியெண்டா கொஞ்சம் விழும். அப்ப நீங்க மட்டும் ஏன் வழியை விட்டுட்டு விடையைப் போடுறீங்கள்? இருபது கேள்விக்குப் பதிலா பத்தைப் போடுங்கோ, செய்கையோட போடுங்கோ. இந்தக் கிழமை 14ஆம் கேள்விக்கு உங்கட விடை ஒண்டு, எங்களுக்கு வந்தது வேற ஒண்டு, ஆர் பிழையெண்டு பாக்க வழியில்லாம மகன் அதைச் சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வச்சிருக்கிறான்.

ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 6