கேப்டனும் ராவுத்தரும்

மச்சான்,

எப்டி கீற? மஸ்கட் வெயில்னு பொலம்பாத, வேலூர்க்காரன்கிட்ட வந்து வெயில் கத சொல்லாதடா. உங்கம்மாவ சத்துவாச்சாரில பாத்தேன், முட்டி வலி தேவலையாம்.

நம்ம விஜயகாந்த் படம் கேப்டன் பிரபாகரன 2025 ஆகஸ்ட்ல மறுபடி விட்டாங்க இல்ல, போய்ட்டு வந்தேன். 'ஆட்டமா தேரோட்டமா' வந்ததும் முன்னாடி வரிசைல நரைச்ச தல பெருசு ஒண்ணு துண்ட சுத்திகினு ஆடுது, பேரன் செல்போன்ல எடுத்துகினு கீறான். நூறாவது படம்னாலே ஓடாதுன்னு பேசின காலத்துல, 1991ல வந்து பட்டைய கெளப்புன படம்டா அது. கேப்டன்ற பேரே அதுலேர்ந்து தான ஒட்டுச்சு.

ஆனா எனக்கு டைட்டில்ல தயாரிப்பாளர் இப்ராகிம் ராவுத்தர் பேரு வந்தப்பவே நெஞ்சு அடைச்சிடுச்சு. மதுரைல ரைஸ் மில்காரர் மகன் விஜயராஜ், அதான் நம்ம கேப்டன், கூட இந்த ஃப்ரெண்டு ராவுத்தர். 1979ல மொத படம், அப்புறம் 1981ல சட்டம் ஒரு இருட்டறை வர வரைக்கும் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல, அப்பவும் ராவுத்தர் விட்டுட்டு போவல. கத கேக்கறது, ஆள் புடிக்கறது எல்லாம் அவரு, இவரு போய் நடிச்சா போதும். ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பையன் செல்வமணிக்கு புலன் விசாரணைல டைரக்டரா மொத சான்ஸ் குடுத்து, அடுத்ததா நூறாவது படத்தையே தூக்கி குடுத்தாங்கன்னா எவ்ளோ தில்லு வேணும் சொல்லு. அவங்க ஷூட்டிங்ல ஹீரோ தட்டுல இன்னா விழுமோ அதான் லைட்மேன் தட்டுலயும். அந்த குணம்தான் அப்பால கேப்டன நடிகர் சங்கத் தலைவரா ஆக்கி, மலேசியா சிங்கப்பூர்னு எல்லாரையும் இட்டுனு போய் சங்கத்துக் கடன அடைக்க வெச்சுது, 2011ல எதிர்க்கட்சித் தலைவர் சீட்டு வரைக்கும் கொண்டு போச்சு, நான் அப்டிதான் நெனைக்கறேன்.

அப்டி இருந்த ரெண்டு பேருமே ஒரு கட்டத்துல பிரிஞ்சிட்டாங்கடா. 2015ல ராவுத்தர் போய்ட்டாரு. 2023 டிசம்பர் 28, கேப்டனும்.

அதான் எழுதறேன். நீயும் நம்ம கோல்கீப்பரும் அந்த காட்பாடி எடத்து பிரச்சனைக்கு அப்பறம் பேசிக்கறதே இல்ல, எவன் மேல தப்புன்னு நான் கேக்கல. அவனுக்கு போன மாசம் நெஞ்சு வலி, ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. உன்கிட்ட சொல்லவேணாம்னான், நான் சொல்றேன். இந்த வெள்ளிக்கெழம லீவுதான உனுக்கு, போன் போடு. நீ போடலன்னா நானே அவன் பக்கத்துல ஒக்காந்துகினு உனுக்கு வீடியோ கால் போடுவேன்.