கொதிநீர் வேண்டாம் என்று சொல்லித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வீட்டில் மெரைன் டேங்க் (கடல்நீர் மீன்தொட்டி) வைத்து, பவளம் போன்ற ஜோவாந்திட் உயிரிகளான ஜோவா, பேலி வளர்க்கும் தமிழர் சிலர் எழுதும் மடல் இது. இதைப் பெற வேண்டியவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. சிலர் இன்று உயிரோடும் இல்லை. ஆனாலும் லைவ் ராக்கை, அதாவது உயிரிகள் ஒட்டி வளரும் தொட்டிப் பாறையை, தொடுமுன் நாங்கள் செய்யும் ஒவ்வொரு ஏற்பாடும் உங்களில் யாரோ ஒருவர் கற்றுத் தந்தது.

முதலில் ஹவாயில், மாவி தீவின் ஹானா மக்களுக்கு. கடலோரக் குட்டை ஒன்றில் வளர்ந்ததை நீங்கள் ‘ஹானாவின் சாவுப் பாசி’ என்று அழைத்தீர்கள், அந்த இடத்தையே விலக்கி வைத்தீர்கள். அது பாசி அல்ல, நாங்கள் பேலி என்று சுருக்கிச் சொல்லும் பேலித்தோவா என்ற உயிரி. பவளத்துக்குப் பங்காளி முறை, ஆனால் கல் எலும்பு கட்டாது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மூரும் பால் ஷாயரும் அதிலிருந்து பாலிடாக்சின் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள்.

அந்த நஞ்சு உடலுக்குள் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்த ஆய்வாளர்களுக்கும் நன்றி. நம் செல்களின் சவ்வில் ஒரு பம்பு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். பாலிடாக்சின் அதைப் பிடித்துக்கொண்டால் பம்பு வெறும் ஓட்டையாகிவிடும். சோடியம் உள்ளே பாயும், பொட்டாசியம் வெளியே கசியும். தசை வலியும் இதயத் துடிப்பில் கோளாறும் வருவது இதனால்தான்.

அடுத்த நன்றி, பெயர் சொல்லாமல், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வாழ்ந்த ஒருவருக்கு. 2007இல் அவர் தன் தொட்டிப் பாறையில் பரவிவிட்ட பழுப்பு ஜோவாந்திட்டை ஒழிக்கக் கொதிநீர் ஊற்றினார். எழுந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனார். இந்த நஞ்சு வெந்நீருக்கு அழியாது. ஆவியோடு பறக்கும் நுண்துளிகள் அதை மூச்சுக்குள் கொண்டு சேர்த்துவிடும். பாறையை அடுப்பில் வேகவைப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, பீய்ச்சும் நீரால் கழுவுவது எல்லாமே இதே தவறுதான். அவர் வீட்டுத் தொட்டியின் உயிரி ஆய்வுக்குக் கிடைத்திராவிட்டால் இவ்வளவும் வெறும் சந்தேகமாகவே நின்றிருக்கும்.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஜோனதன் டீட்ஸும் அவர் குழுவினரும். வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் விற்ற ஜோவாந்திட்களையும் வாங்கிச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சிலவற்றில் நஞ்சே தென்படவில்லை. கொடிய வகையிலோ ஈர எடையில் ஒரு கிராமுக்கு 0.5 முதல் 3.5 மில்லிகிராம் வரை கச்சா நஞ்சு இருந்தது. மைக்ரோகிராம் கணக்கில் கொல்லக்கூடிய பொருளுக்கு இது மிகப் பெரிய அளவு. கடையில் ஒட்டிய பெயரை வைத்தோ நிறத்தை வைத்தோ எது எதுவென்று பிரிக்க முடியாது. பளிச்சென்ற விலையுயர்ந்த ஃப்ராக்கை (வெட்டி விற்கும் சிறு துண்டை) விட, லைவ் ராக்கோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வரும் மங்கலான பழுப்புப் பேலிதான் எங்களுக்கு அதிகக் கவலை. ‘களை’ என்று நினைத்து முரட்டுத்தனமாகப் பிடுங்குவது அதைத்தானே!

அலாஸ்கா பொதுச் சுகாதாரத் துறையினருக்கு எங்கள் கடன் பெரிது. 2012 முதல் 2014 வரை அங்கே வீடுகளிலும் மீன் கடையிலும் நேர்ந்த பாதிப்புகளை விசாரித்தவர்கள், செய்ய வேண்டியதைத் தெளிவாக எழுதி வைத்தார்கள். நாங்கள் இப்போது செய்வது இப்படி:

பேலி இருக்கும் பாறையை எடுக்குமுன், தொட்டியில் நீரை ஓட வைக்கும் வேவ்மேக்கர், ரிட்டர்ன் பம்ப் இரண்டையும் நிறுத்துவோம். ஏசியை அணைத்து ஜன்னலைத் திறப்போம். குழந்தைகளும் நாயும் பூனையும் அந்த அறையில் இருக்கக் கூடாது. நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு, கண்ணை முழுதாக மூடும் காகிள்ஸ், என்95 மாஸ்க். மூக்குக் கண்ணாடி போதாது. பாலிப்பை (பேலியின் குழல் போன்ற உடலை) நசுக்கினால் சாறு பக்கவாட்டிலும் பீய்ச்சும். தொட்டிக்குள்ளேயே, தண்ணீருக்கு அடியில் வைத்து, பாறையை வாளிக்கு மாற்றி, அது காயாமல் மூழ்கியபடியே மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோவோம். அங்கே வேறொரு வாளியில் 5 முதல் 6 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு. அப்போதே கலந்தது, பாறை முழுதாக மூழ்கும் அளவு, 30 நிமிடம். கத்தியும் துணியும் கையுறையும் அதே வாளிக்குள். பிறகுதான் குப்பைக்கு.

இங்கே நம்மூரில் வழுக்கும் இடங்கள் இரண்டு. பாட்டிலில் வரும் பிளீச்சின் வீரியம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி, பழசானால் இன்னும் குறையும். லேபிளைப் பார்க்காமல் கலக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் வேறு பொருள், இதே கணக்கு அதற்குப் பொருந்தாது. இரண்டாவது, அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தை இதோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரு நஞ்சை அழிக்கப் போய் இன்னொன்றை உண்டாக்கிய கதையாகிவிடும்.

விரல் காயத்தின் வழியே நஞ்சு ஏறிய ஒருவரைப் பற்றி 2008இல் எழுதிய ஜெர்மன் மருத்துவர்களுக்கும் நன்றி. கையில் சின்னக் கீறல் இருந்தாலும் அன்றைக்கு ஃப்ராக் வெட்டுவதில்லை என்ற வழக்கம் அதிலிருந்து வந்தது.

2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், ஸ்டீவன்டன் ஊரில், தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்த ஒரு வீட்டுக்கு ஓடிவந்த தீயணைப்பு வீரர்களை மறக்க முடியாது. அன்று மருத்துவமனைக்குப் போன 10 பேரில் 6 பேர் வீட்டார், 4 பேர் நீங்கள்.

கடைசியாக மருத்துவர்களுக்கு. இதற்கு முறிமருந்து இல்லை. உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான். வாயில் கசப்போடு உலோகச் சுவை, குளிர் நடுக்கம், காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், தசை வலி என்று சில மணி நேரம் கழித்துக்கூட வருவதால் வைரல் காய்ச்சல் என்று நினைத்துவிடுவது எளிது. ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே இரவில் வந்தால் சந்தேகப்பட வேண்டும். அப்போது வெளியேறிக் காற்றோட்டமான இடத்துக்குப் போய் 108ஐ அழைப்போம். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும், கருவிழியே புண்ணாகும். தொட்டிப் பக்கத்துச் சுவரில் ‘பாலிடாக்சின்’ என்று எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறோம், எடுத்துப்போய் உங்களிடம் நீட்ட. அதைப் பார்த்ததும் இசிஜியும் பொட்டாசியமும் தசைச் சிதைவைக் காட்டும் சிகே அளவும் பார்க்கச் சொல்லும் மருத்துவருக்கும், சீட்டு இல்லாமலே “வீட்டில் கடல் மீன் தொட்டி இருக்கிறதா?” என்று கேட்கும் மருத்துவருக்கும், எங்கள் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
மெரைன் டேங்க் வளர்ப்போர் சிலர்