ஜன்னலக் காணோம்டி

அடியே மொச்சை,

எத்தன மாசம் ஆச்சுன்னு எண்ணாத, நானே எண்ணிட்டேன், ஒம்போது. உன் மாமனார் காரியத்துக்கு வந்தவ, மாட்டுத்தாவணில பஸ் ஏறும்போது "போயி எழுதுறேன்டி"ன்னு சொல்லிட்டு வந்தேன், அதுக்கப்பறம் நீ ரெண்டு தடவ வாட்ஸப்ல கேள்விக்குறி போட்ட, நான் ஒரு கும்பிடு பொம்மை போட்டேன், அவ்வளவுதான் நம்ம லட்சணம். திட்டணும்னா திட்டிக்க. பெரியவ பத்தாவது, வீடே நடுங்குது. சின்னவன் இன்னும் சட்ட பட்டன கடிக்கிறான். இவருக்கு சுகர் கொஞ்சம் எறங்கிருக்கு. வாத்தி ரிட்டயர் ஆன போட்டோவ ஜெராக்ஸ் அக்கா அனுப்புச்சு, அதே கட்டம் போட்ட சட்டடி! சரி, விஷயத்துக்கு வர்றேன்.

வீடு வாங்குறோம். வாங்குறோமான்னு தெரியல, அதுக்குத்தான் எழுதுறேன், உனக்கில்ல, உன் வீட்டு அண்ணனுக்கு, கட்டட விஷயம் தெரிஞ்சவரு அவருதான. நீ படிச்சுட்டு அவர்ட்ட குடு, நடுவுல இருக்குற வசவ மட்டும் மறைச்சுரு.

நங்கநல்லூர்ல ரெண்டாவது மாடி, 880 சதுர அடி, ரெண்டு பெட்ரூம், கட்டி 17 வருஷம். 68 லட்சம் சொல்றாங்க, 65க்கு எறங்குவாங்கன்னு புரோக்கர் கண்ண அடிக்கிறான். மெட்ரோ பக்கம், ஸ்கூல் நடந்து போற தூரம், போர் தண்ணி உப்பில்ல, ரெண்டு தடவ குடிச்சுப் பாத்துட்டேன். பத்திரச் செலவு ஒம்போது பெர்சென்ட் தனி. பொம்பள பேர்ல பதிஞ்சா ஒரு பெர்சென்ட் கம்மின்னு கவர்மென்ட் 2025ல கொண்டு வந்துச்சேன்னு சந்தோசமா கேட்டேன், அது பத்து லட்சத்துக்குள்ள இருந்தாத்தானாம். பத்து லட்சத்துக்கு மெட்ராஸ்ல பைக் நிறுத்தக்கூட எடம் கெடைக்காது, எனக்கு எதுக்குடி அந்தச் சலுக.

எல்லாம் நல்லாருக்கு. அத்தைக்கு அந்த வீட்டு மேல உயிரு, ஏன்னா சமையக்கட்டு சரியா அக்னி மூலைல இருக்கு, அத ஒட்டுனாப்புல மார்பிள் போட்ட சாமி ரூம், ஓம் லைட்டு, மணி கட்டுன கதவு. ஆனா அந்த சமையக்கட்டுல ஜன்னல் இல்லடி. சின்ன ஜன்னல், பெரிய ஜன்னல்னு இல்ல, ஜன்னலே இல்ல. வென்டிலேட்டர் கெடையாது, எக்ஸாஸ்ட் ஓட்ட கெடையாது. நாலு பக்கமும் டைல்ஸ், ஒரு வாசப்படி, அதுவும் ஹாலப் பாத்து. பகல் பதினோரு மணிக்கு ட்யூப்லைட்ட போட்டாத்தான் கடுகு எது மிளகு எதுன்னு தெரியுது.

மொத தடவ போனப்ப எனக்கே உறைக்கல, கப்போர்டு எல்லாம் புதுசா மினுக்குச்சா, அதப் பாத்து மயங்கிட்டேன். ரெண்டாவது தடவ கேட்டேன், "ஏங்க, காத்து எப்டி"ன்னு. புரோக்கர் சொல்றான், "மேடம் இப்பல்லாம் யாரு மேடம் சமைக்கிறா." இவரு சொல்றாரு, "சிம்னி வச்சுக்கலாம்." வீட்டு ஓனர் சொல்றாரு, "எங்க வீட்ல எந்தக் கம்ப்ளெயின்ட்டும் இல்லயே." மூணு பேரும் ஒரு முட்ட பொரிச்சு நான் பாத்ததில்ல. இதுல இவர் ஒரு பாயின்ட்டு எடுத்து வச்சாரு பாரு, நங்கநல்லூர்ல கோயிலச் சுத்தி எல்லாம் சைவம், ஜன்னல் இல்லன்னா கருவாட்டு வாசம் வெளிய போகாது, அக்கம்பக்கத்துல சண்ட வராதுன்னு. வெளிய போகாதுன்னா எங்கடா போகும், உன் தலகாணிக்குத்தான் போகும்னு சொன்னேன்.

மூணாவது தடவ நான் தனியாப் போனேன். ஓனரம்மா மட்டும் இருந்தாங்க, டீ போடுறேன்னு உள்ள போனாங்க, நானும் பின்னாடியே போயிட்டேன். பாத்தா வாசப்படில ஒரு டேபிள் ஃபேன், மொகத்த ஹால் பக்கம் திருப்பி வச்சுருக்கு, சூட்ட வெளிய தள்றதுக்காம். மேல பாத்தா லாஃப்ட்டுக்கு அடில சுவரு மஞ்சளா பிசுபிசுன்னு, மூலைல கருப்பா பூஞ்ச. நான் பாக்குறத அவங்க பாத்துட்டாங்க. கொரல எறக்கி, "வாம்மா"ன்னு ஹால் பால்கனிக்கு கூட்டிட்டுப் போனாங்க. வாஷிங் மெஷின் மேல ஒரு பலகை, அது மேல இண்டக்ஷன் அடுப்பு! வறுக்குறது, பொரிக்கிறது, தாளிக்கிறது எல்லாம் அங்கதானாம், பதினோரு வருஷமா, மழ வந்தா அன்னைக்கு ரசமும் அப்பளமும், அப்பளமும் சுட்டதுதான். "நான் சொன்னேன்னு சொல்லிராதம்மா, வித்தாத்தான் நாங்க பையன்ட்ட போக முடியும்"னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல மொச்சை. டீ நல்லாருந்துச்சு.

இப்ப சிம்னிய பத்தி நான் படிச்சது எல்லாத்தையும் உன் தலைல கட்டப் போறேன், பொறுத்துக்க. கடைக்காரன் ஆயிரத்து இருநூறு சக்ஷன்னு பெருமையா சொல்றான், மணிக்கு அத்தன கியூபிக் மீட்டர் காத்த இழுக்குமாம். இழுத்து எங்க விடும்? இந்த வீட்ல டக்ட்ட, அதான் பொக போற குழாய, ஹால் பூரா டிவிக்கு மேல இழுத்துட்டுப் போயி பால்கனில விடணும், இருவது அடி, ரெண்டு வளைவு, அதுல இழுவ ரொம்பவே கொறஞ்சுரும். டக்ட் இல்லாத மாடல் இருக்கு, கரி ஃபில்டர் போட்டது, அது எண்ணெயையும் வாடையையும் கொஞ்சம் புடிச்சுக்கிட்டு சூட்டையும் ஆவியையும் நம்ம மூஞ்சிலயே திருப்பி ஊதும். அதுவும் போக, காத்த வெளிய இழுக்கணும்னா அதே அளவு உள்ள வரணும்ல, எங்கருந்து வரும், பாத்ரூம்லருந்தா?

நம்ம ரெண்டு பேரும் கெமிஸ்ட்ரில கடைசி பெஞ்சுதான், ஆனா இந்தக் கணக்க நானே போட்டுப் பாத்தேன். ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்னரை கிலோவுக்கு மேல தண்ணி ஆவியா வருது. ஒரு சிலிண்டர் 14.2 கிலோ, அப்ப ஒரு சிலிண்டர் தீர்றதுக்குள்ள ரெண்டு வாளித் தண்ணி அந்த ரூமுக்குள்ள ஆவியா நிக்குது, சோறு கொதிக்கிறது தனி. அந்தப் பூஞ்ச சும்மா வரல. கேஸ் லீக் ஆனா இன்னும் மோசம், சிலிண்டர் கேஸ் காத்த விட கனம், மேல போகாது, தரையோட தரையா பாய் விரிச்சாப்புல கெடக்கும். இண்டக்ஷனுக்கு மாறிட்டா கேஸ் பிரச்சன தீந்துச்சுன்னு இவரு சொல்றாரு, அது நெசந்தான், ஆனா வத்தல வறுக்குறப்ப வர்ற கமறல் அடுப்புலருந்தா வருது?

சிரிச்சுக்கிட்டேதான் எழுதுறேன், ஆனா ராத்திரி தூக்கம் வர்றதில்ல. எங்கம்மா ஞாபகம். நீ எத்தன தடவ வந்து சாப்ட்டுருப்ப, செல்லூர் வீட்ல அந்த இருட்டு அடுப்படி, அம்மா ஊதாங்குழல எடுத்துட்டு உள்ள போனா கை வளையல் சத்தம்தான் வெளிய வரும், ஆளு தெரியாது. வெறகு, அப்பறம் மண்ணெண்ண ஸ்டவ், கேஸ் வந்தப்ப அம்மாவுக்கு அம்பது தாண்டிருச்சு. கடைசில ஆஸ்பத்திரில அந்தச் சின்ன டாக்டர் எக்ஸ்ரேயத் தூக்கிப் புடிச்சுட்டு கேட்டாரு, "அம்மா பீடி குடிப்பாங்களா?" அப்பா அப்டியே நின்னாரு. பீடி குடிச்சது அவரு, நுரையீரல் போனது அம்மாவுக்கு. நான் அத யார்ட்டயும் சொன்னதில்ல, இவர்ட்டயும்.

சரி. இப்பத்தான் அண்ணனுக்கு வேல.

பேங்க் வக்கீலு கேட்டாருன்னு அப்ரூவ்டு பிளான் ஜெராக்ஸ் வாங்குனோம்ல, அத விரிச்சுப் பாத்தா எனக்கு மயக்கமே வந்துருச்சு. பிளான்ல சமையக்கட்டுக்கு ஜன்னல் இருக்குடி! ஜன்னல், பக்கத்துல ஒரு கதவு, அதுக்கு அந்தப் பக்கம் மூணரை அடி அகலத்துக்கு யூடிலிட்டி, பாத்திரம் வெளக்குற எடம், அதுக்கு வெளிய ஓடிஎஸ், நல்ல தெறந்த வெளி. அந்த யூடிலிட்டி எங்கன்னு தேடுறேன், சாமி ரூமு! இவங்களுக்கு முந்துன ஓனர் ஜன்னலையும் கதவையும் செங்கல் வச்சு அடைச்சு, யூடிலிட்டி கைப்பிடிச் சுவத்த சீலிங் வரைக்கும் ஏத்தி, பெட்ரூம் பக்கமா வாசல் வச்சு சாமி கும்புட்டுருக்காரு. பில்டர் மேல தப்பே இல்ல. நேஷனல் பில்டிங் கோட்ல சமையக்கட்டு அஞ்சு சதுர மீட்டராவது இருக்கணும், வெளிக்காத்து வர்ற தெறப்பு இருக்கணும்னு போட்டுருக்கு, நம்மள மாதிரி புழுங்குற ஊருக்கு தரைல ஆறுல ஒரு பங்காவது ஜன்னல். இந்தச் சமையக்கட்டு எட்டுக்கு ஏழு, அப்ப கொறஞ்சது மூணுக்கு மூணே கால் ஜன்னல். அவ்வளவுதான்டி நான் கேக்குறது, பிளான்ல இருக்குறத.

ஆனா அத எடுக்கணும்னா சாமிய எறக்கணும். வீட்ல சொன்னேன். அத்தை ரெண்டு நாள் பேசல. இவரு சமாதானமா ஒரு வழி சொன்னாரு, சாமி ரூம் அப்டியே இருக்கட்டும், சிம்னி பைப்ப மட்டும் அது வழியா வெளிய கொண்டு போகலாம்னு. "முருகன் தலைக்கு மேல கருவாட்டுப் பொகையாடா?"ன்னு அத்தை கேட்ட கேள்வில அவரு தட்டோட எந்திரிச்சுட்டாரு. ஆனா நேத்து என்ன நெனச்சாங்களோ, ஹால்ல கெழக்குப் பாத்த சுவத்துல ஷெல்ஃப் அடிச்சா எத்தன அடி வரும்னு கேட்டாங்க. நான் மூச்சே விடல, அஞ்சடின்னு சொல்லிட்டு தோசயத் திருப்பிட்டேன்.

அண்ணன்ட்ட கேக்க வேண்டியது இதுதான். பில்லர் போட்ட கட்டடம், சமையக்கட்டுக்கும் சாமி ரூமுக்கும் நடுவுல அடைச்சுருக்குற செங்கல ஒடச்சா மேல ஒன்னும் ஆகாதுல்ல? பழைய ஜன்னல் லிண்டல், அதான் ஜன்னலுக்கு மேல போடுற கான்கிரீட் பட்ட, உள்ளயே இருக்குமா? ஏத்துன வெளிச்சுவரு நீட்டி விட்ட ஸ்லாப் மேல நிக்குது, அது நாலரை இஞ்சா ஒம்போது இஞ்சான்னு தட்டிப் பாத்தா எனக்குத் தெரியல, ஒம்போதுன்னா பதினோரு வருஷத்துக்கு மேல அந்த ஸ்லாப்பு அத்தன கனத்தத் தாங்கிட்டு நிக்கிதா, அதுல விரிசல் இருக்கான்னு எப்டிப் பாக்குறது? அப்பறம் இத முன்ன இருந்தாப்புல ஆக்க எத்தன ஆகும், அத வெலைல கொறைக்கச் சொல்லிக் கேட்டா நியாயந்தான? போட்டோ ஏழு அனுப்பிருக்கேன், பிளானும் இருக்கு, அதுல காஃபி கறை எங்க வீட்டுது, அது தூண் இல்லன்னு சொல்லு.

நீ என்ன நெனைக்கிறன்னும் சொல்லு. எனக்கு என்னன்னா, ஓனரு ஒடைக்கச் சம்மதிச்சு வெலையும் கொறைச்சா வாங்கலாம், இல்லன்னா மார்பிள் என்ன தங்கமே போட்டுருந்தாலும் வேணாம். இத இவர்ட்ட இன்னும் இவ்வளவு தெளிவா சொல்லல.

டோக்கன் வியாழக்கெழமைக்குள்ள குடுக்கணுமாம், அதுக்குள்ள பதில் போடு. எழுத சோம்பலா இருந்தா நாலரையா ஒம்போதான்னு மட்டுமாவது அண்ணன்ட்ட கேட்டு அனுப்பு. கும்பிடு பொம்மை மட்டும் போட்ட, அங்க வந்து ஒதைப்பேன்.

உன்
நெட்டை