மீன் தொட்டிக்கு மருந்தை விட முதலில் வெப்பமானி

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி, தை மாதக் குளிர் இறங்கியதும் நுவரெலியா, தலவாக்கலை, ஹற்றன் பக்க வீடுகளில் தொட்டி மீன்கள் கொத்தாகச் சாகின்றன. உடனே கடையில் ஒரு நீல மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பாமசியில் ரெட்ராசைக்கிளின் என்ற, பக்டீரியாவைக் கொல்லும் மருந்தை வாங்கி, அதன் கூட்டை உடைத்துத் தண்ணீரில் கொட்டுகிறார்கள். நோய் எதுவென்று பார்க்காமல் கொட்டும் மருந்து பல தொட்டிகளில் நோயை விட அதிகமாகக் கெடுதல் செய்கிறது. இங்கே அதிகம் வரும் வெண்புள்ளி ஒட்டுண்ணி நோயை ரெட்ராசைக்கிளின் ஒன்றும் செய்யாது. ஃபில்டர் ஸ்பொஞ்சில் வாழ்ந்து அமோனியாவைத் தின்னும் நல்ல பக்டீரியாவைத்தான் அது அழிக்கக்கூடும். பிறகு மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும்.

எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைப் பிளந்தால், குறை பெரும்பாலும் தண்ணீரில். ஒன்றில் தொடங்கி நாளுக்கு நாள் மற்றவற்றுக்குப் பரவினால் அது தொற்றுநோய். தண்ணீர்க் கோளாறுக்கு மருந்து கிடையாது. கால்வாசித் தண்ணீரை மாற்றி, தீனியை இரண்டு நாள் நிறுத்தி, காற்றுப் பம்பைக் கூட்டி வைத்தால் போதும். ஆனால் விடியற்காலைக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. கேத்தலில் சுடவைத்த தண்ணீரைக் கலந்து, வெப்பமானி தொட்டியின் அளவைக் காட்டிய பிறகே ஊற்ற வேண்டும். நகரக் குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் அவசியம். சட்டென்று நான்கைந்து பாகை குளிர்ந்தால் மீனின் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும், வெண்புள்ளி கிளம்புவது அப்போதுதான்.

வெண்புள்ளி என்பது உப்புத் தூவியதுபோல் செட்டையிலும் உடலிலும் தெரியும் ஒட்டுண்ணி. மீன் கல்லில் உரசும், செட்டையை ஒடுக்கிக்கொள்ளும். தோலுக்குள் இருக்கும்போது தண்ணீரில் ஊற்றும் மருந்து பெரும்பாலும் அதைத் தொடாது. பருத்ததும் கழன்று தொட்டியின் அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து நீந்தும். அந்த ஓரிரு நாளில்தான் மருந்து அதைக் கொல்லும். 25 பாகை செல்சியசில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிகிறது. 15 பாகையில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ, 10 பாகையில் ஒரு மாதத்துக்கும் மேல் இழுக்கும். கொழும்புக்குப் பொருந்தும் 'மூன்று நாள் மருந்து' நானுஓயாவில் தோற்பது இதனால்தான். புள்ளி மறைந்தது குணமானதாக அர்த்தமில்லை, ஒட்டுண்ணி அடிக்கு இறங்கியிருக்கிறது.

ஆகவே ஹீட்டர் வேண்டும். நம் வீட்டறை 14 பாகைக்கு இறங்குவதால் லீற்றருக்கு 1 வொட் என்ற கணக்கு இங்கே போதாது, 2 வொட் வையுங்கள். 60 × 30 × 30 சென்ரிமீற்றர்த் தொட்டி 54 லீற்றர் கொள்ளும், மணலையும் மேல் இடைவெளியையும் கழித்தால் 45. மருந்தையும் உப்பையும் இந்த 45க்கே அளக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பாகை வீதம் 28 வரை ஏற்றுங்கள், தங்கமீனுக்கு 25 போதும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறையும், காற்றுப் பம்பை நிறுத்தாதீர்கள். லீற்றருக்கு 2 கிராம் கல்லுப்பு, அதாவது 90 கிராம், வேறு பாத்திரத்தில் கரைத்து மூன்று தடவையாக ஒரு நாளில் ஊற்றுங்கள். கொரிடோரஸ் போன்ற, சாதாரணச் செதில் இல்லாத கெளுத்தி வகை மீன் இருந்தால் பாதி. அடிமண்ணை நாள்தோறும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தால் ஒட்டுண்ணிக் கூடுகளும் போய்விடும். எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்பை ஈடுசெய்யுங்கள், ஆவியாகி வற்றியதற்கு வேண்டாம். மலக்கைட் கிரீன் என்ற ஒட்டுண்ணி மருந்தையும் சேர்ப்பதானால் ஃபில்டரிலுள்ள கரியை எடுத்துவிட்டு, கையுறையோடு, போத்தலில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் விடாமல் ஊற்றுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் 28 பாகையில் ஒரு வாரம், ஹீட்டரில்லாத தொட்டியில் குறைந்தது நான்கு வாரம் தொடர வேண்டும்.

வாயோரம் பஞ்சுபோல் வெளுத்தால் பூஞ்சை என்று நினைத்துச் சூட்டை ஏற்றாதீர்கள். அது பெரும்பாலும் பக்டீரியா, சூட்டில் இன்னும் வேகமாகக் கொல்லும். அந்த மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

மலையூற்றிலிருந்து பீலி வழியாக வரும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் மென்மையானது, எளிதில் புளிப்புப் பக்கம் சாயும். கப்பி, மொலி மீன்கள் அதில் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருப்பது கனிமம் போதாமையும் குளிரும் சேர்ந்த கோளாறு. அதற்காகத் தேயிலைக்குப் போடும் டொலமைட் சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போடாதீர்கள். புளிப்பான பழைய தண்ணீரில் தீங்கு குறைவாகக் கிடக்கும் கழிவு, பி.எச். (புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவு) சட்டென ஏறியதும் நச்சு அமோனியாவாக மாறும். மீன் சில மணித்தியாலத்தில் செத்துவிடும். மூன்று நாள் சிறிது சிறிதாகத் தண்ணீர் மாற்றிவிட்டு, ஒரு கைப்பிடி சிப்பி ஓட்டை வலைப்பையில் கட்டி ஃபில்டரருகே தொங்கவிடுங்கள். மேலே தேயிலை மலைக்கு உரமோ களைகொல்லியோ போட்ட வாரத்தில் பீலித் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கவே வேண்டாம்.

மலையக மீன் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். தொட்டி விற்கும்போதே ஒரு வெப்பமானியையும் சேர்த்துக் கொடுங்கள், ஹீட்டர் வாங்க வசதியில்லாதவருக்குக் கப்பியை விற்காமல் குளிரைத் தாங்கும் தங்கமீனைக் காட்டுங்கள். நோயுற்ற மீனை ஓடையிலோ கிரகரி வாவியிலோ விட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். தொட்டியிலிருந்து தப்பிய உறிஞ்சுவாய் மீன் ஏற்கெனவே நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகிவிட்டது.

இப்படிக்கு,
மீன் வளர்ப்போர் சார்பில் ஒரு வாசகர்,
நானுஓயா