டேங்க் கொடுக்கிற வேலை

கிராலன்டைக், பொனேர்
ஜூலை 26

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்றைக்கு நம் தூத்துக்குடி மாதா கோயில் கொடியேற்றம். இங்கே காலை ஏழு மணிக்கு நான் கடையைத் திறக்கும்போது அங்கே சாயங்காலம் நாலரை, கொடி ஏறிக் கூட்டமும் கலைந்திருக்கும். வாசலில் நின்றபடியே ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிட்டுத்தான் கம்ப்ரசரைப் போட்டேன்.

போன வாரம் போனில், "கடலில் இறங்குகிறவனுக்கு வாடகைக்குக் காற்று கொடுக்கிறாயாமே, அதெல்லாம் ஒரு வேலையாடா" என்று சிரித்தீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. போனில் பேசினால் இப்படித்தான் எல்லாம் அரைகுறையாக நிற்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போகும், மதினியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் கண்ணாடி எப்படியும் உடைந்துதான் கிடக்கும்.

தீவு சின்னது, 288 சதுர கிலோமீட்டர். குறுக்கே கழுதை வராமல் இருந்தால் ஒரே நாளில் வண்டியில் சுற்றிவிடலாம். (கழுதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் உப்புச் சுமக்கக் கொண்டுவந்தவை, வேலை போனதும் அவிழ்த்துவிட்டார்கள், இன்றைக்கும் ரோட்டில் நிற்கின்றன.) தெற்கே 80 கிலோமீட்டரில் வெனிசுவேலா. ஆள்வது நெதர்லாந்து, 2010 அக்டோபர் 10 முதல் அந்த நாட்டோடு நேராகச் சேர்ந்த ஊராட்சி மாதிரி. ஆனால் கையில் புழங்குவது அமெரிக்க டாலர், வாயில் புழங்குவது பாப்பியமென்டு. காலையில் பார்த்தால் 'போன் தியா', சாமான் வாங்கினால் 'டாங்கி', இந்த இரண்டை வைத்தே முதல் மூன்று மாதத்தை ஓட்டினேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், இங்கே வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்து அடிக்கிற கொண்டல்தான். மேற்கிலிருந்து கச்சான் அடிப்பது அபூர்வம். அதனால் கிழக்குக் கரை எந்நேரமும் சீறிக்கொண்டிருக்கும், மேற்குக் கரை குளம் மாதிரிக் கிடக்கும். நம் ஊரில் கடலடிப் பாருக்குப் போக வள்ளம் வேண்டும், டீசல் வேண்டும், விடியுமுன்னே கிளம்ப வேண்டும். இங்கே ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, கல்லில் கால் வைத்து இறங்கி, கொஞ்ச தூரம் நீந்தினால் பார் வந்துவிடும். ஐந்தாறு பாகம் ஆழம் வரைக்கும் (ஒரு பாகம் ஆறடி) மணல்தரையும் திட்டுத் திட்டாகப் பவளமும், அப்புறம் சரிவு, அது பதினைந்து இருபது பாகத்துக்கு மேலேயும் போகிறது. இறங்குகிற இடம் ஒவ்வொன்றுக்கும் ரோட்டோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் பெயர் எழுதியிருக்கும். கரையிலிருந்தே இறங்கக்கூடிய இடங்கள் மட்டும் ஐம்பதுக்கு மேல்.

படகும் வேண்டாம், கூட்டிப் போக ஆளும் வேண்டாம் என்றால் வருகிறவனுக்கு மிச்சம் என்னதான் வேண்டும்? காற்றுதான். அங்கேதான் என் வேலை தொடங்குகிறது.

முதலில் கார்டைக் காட்ட வேண்டும், முறையாகக் கற்றுக்கொண்டவன் என்பதற்கு. கார்டு இல்லாதவனுக்கு எத்தனை டாலர் நீட்டினாலும் காற்று அடைத்த டேங்க் கிடையாது. அப்புறம் கடலுக்கான கட்டணம். 1979 முதல் தீவைச் சுற்றியுள்ள கடல் பூராவும் பூங்கா, கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரைக்கும். எத்தனை வருஷம் முங்கிக் குளித்த கொம்பனானாலும் முதல் நாள் கடை முன்னால் உள்ள கடலில் ஒரு தடவை இறங்கிக் காட்ட வேண்டும், அமிழ்வதற்கு ஈயம் எவ்வளவு கட்டுவது, மிதப்பைப் பிடிக்கத் தெரிகிறதா, காலால் பவளத்தை உதைக்கிறானா என்று பார்க்க. அந்த முதல் நாளில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளிப்பார்கள், "நான் ஐந்நூறு தடவை இறங்கியவன்" என்று. நான் சரி என்று தலையாட்டிவிட்டு டேங்கைக் கையில் கொடுக்காமலே நிற்பேன். கையுறையும் போடக் கூடாது. ஏன் என்று கேட்டீர்களென்றால், கையுறை இருந்தால் கை தானாகப் பாரைப் பிடிக்கும், வெறுங்கையென்றால் நெருப்புப் பவளத்துக்குப் பயந்து எட்டியே நிற்பான்.

வாடகை இரண்டு விதம். பத்து டேங்க் என்று எண்ணி வாங்கலாம், இல்லையென்றால் ஆறு நாளைக்கு எத்தனை வேண்டுமானாலும் என்று ஒரே தொகை கட்டலாம். அதோடு பின்னால் டேங்க் அடுக்கக் கட்டை வைத்த பிக்கப் வண்டி. காலையில் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், காலி டேங்கை இறக்கி, நிரம்பியதை ஏற்றி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நம் ஊரில் தண்ணீர் கேன் மாற்றுகிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் தொகை கட்டினவர்களில் சிலர் காசை மீட்காமல் விடுவதில்லை என்று விடிய ஒன்று, மத்தியானம் ஒன்று, மாலை ஒன்று, ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு ஒன்று என்று இறங்கி, நாலாவது நாள் காது அடைத்துப்போய் வந்து நிற்பார்கள். இதைப் பார்க்கும்போது பந்தியில் இலை போட்டதும் பாய்கிற நம் மாமாவின் ஞாபகம்தான் வரும், பெயர் சொல்ல மாட்டேன்.

டேங்க் அலுமினியம். நிரம்பியது 17 கிலோ தேறும், அதில் காற்றின் எடை மட்டும் இரண்டே முக்கால் கிலோ. காற்றுக்கு எடையா என்று சிரிக்காதீர்கள், கடைசியில் காற்று தீர்ந்துவரும்போது டேங்கே மேலே தூக்கும், அதற்கும் சேர்த்துத்தான் ஈயம் கட்ட வேண்டும். அழுத்தம் 3000 பிஎஸ்ஐ வரை அடைக்கிறோம். அவசரமாக அடைத்தால் டேங்க் சுடும், மீட்டர் 3000 காட்டும், ஆறினபிறகு பார்த்தால் 2700தான் இருக்கும். அதனால் மெதுவாக அடைப்பதுதான் நேர்மை. வாங்குகிறவனும் கையை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால் வேறு எடுக்கலாம், விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். திருப்பித் தரும்போது சுத்தமாகக் காலியாகத் தரக் கூடாது, 500 பிஎஸ்ஐயாவது மிச்சம் வைக்க வேண்டும். முழுக்கக் காலியானால் கடல்தண்ணீர் உள்ளே போகும், அப்புறம் உள்ளே அரிக்கும். வால்வு வாயில் ஓ-ரிங் என்று சுண்டுவிரல் மோதிரம் மாதிரி ஒரு ரப்பர் வளையம். அது பிய்ந்தால் அந்த இடத்திலேயே குளிப்பு முடிந்தது, அதற்காகவே வண்டிக்கு இரண்டு வளையம் சும்மா கொடுத்துவிடுகிறேன்.

சாதாரணக் காற்று போக நைட்ராக்ஸ் என்று ஒன்று உண்டு. ஆக்சிஜன் 32 சதவீதம், நைட்ரஜன் அந்த அளவுக்குக் குறைவு, அதனால் உடம்பில் நைட்ரஜன் ஏறுவதும் குறைவு. ஆனால் 34 மீட்டருக்குக் கீழே கொண்டுபோனால் அந்த ஆக்சிஜனே ஆளைச் சாய்க்கும், நீருக்குள்ளேயே வலிப்பு வரும். அதனால் எடுக்கிறவன் தானே மீட்டர் வைத்து அளந்து, சதவீதத்தையும் ஆழத்தையும் டேங்கில் ஒட்டி, நோட்டில் எழுத வேண்டும். நான் அளந்து கொடுத்தாலும் செல்லாது.

இதில் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வந்த இரண்டாம் மாதம், சாயங்காலம் கூட்டம், சாதாரணக் காற்று அடைத்த டேங்க் ஒன்றை நைட்ராக்ஸ் வரிசையில் வைத்துவிட்டேன். மறுநாள் ஒரு டச்சுக்கார அம்மா, எழுபது வயதிருக்கும், ஒல்லி, கழுத்தில் சரம் கட்டிய கண்ணாடி, மீட்டரை வால்வில் வைத்தார். பார்த்தார். எடுத்து வெளிக்காற்றில் பிடித்துச் சரிசெய்து மறுபடி வைத்தார். சத்தம் போடவில்லை. மீட்டரை என் கையில் கொடுத்து, "நீயே வாசி" என்றார். 20.9. முப்பத்திரண்டு என்று நம்பி ஹில்மா ஹுக்கர் கப்பலுக்கு இறங்கியிருந்தால் (அது 30 மீட்டரில் கிடக்கிறது, 1984இல் கஞ்சா மூட்டையோடு பிடிபட்டு, சொந்தக்காரன் என்று யாரும் வராமலே மூழ்கின கப்பல்) மணிக்கட்டில் கட்டின கம்ப்யூட்டர் ஆழத்தில் நிற்க இன்னும் நேரம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும், உடம்புக்குள் நைட்ரஜன் ஏறிக்கொண்டே இருக்கும். எனக்குக் கால் நடுங்கியது. அந்த அம்மா வேறு டேங்கை எடுத்து அளந்து, எழுதி, ஒட்டி, வண்டியில் வைத்துவிட்டு, போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இப்போது வரிசையில் வைக்குமுன் ஒவ்வொன்றையும் நானும் அளக்கிறேன், அவர்களும் அளக்கட்டும்.

வண்டியைப் பூட்டக் கூடாது என்பது இங்கே இன்னொரு சட்டம். கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே ஒன்றும் வைக்காமல் போக வேண்டும், பூட்டினால் ஏதோ இருக்கிறது என்று உடைத்துவிடுவார்கள். இதை வருகிறவர்களுக்கெல்லாம் பாடமாகச் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மறந்தேன். என் செருப்பைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பழைய செருப்பை வைத்து எவன் என்ன செய்தானோ.

வடக்கே ஆயிரம் படி என்று ஓர் இடம். எண்ணினால் எழுபதுக்குப் பக்கம்தான் வரும், ஆனால் குளித்து முடித்து டேங்கை முதுகில் போட்டுக்கொண்டு ஏறும்போது பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை என்று தெரியும். அதைத் தாண்டினால் ரோடு ஒருவழிப் பாதை, திரும்பி வர ரின்கோன் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும், அதனால் டேங்க் எத்தனை என்று முன்னாலேயே கணக்குப் போட்டு ஏற்றச் சொல்லுவேன்.

தெற்கே போனால் உங்களுக்குப் பழகின காட்சி. உப்பளம்! வெள்ளை வெளேரென்று அம்பாரம் அம்பாரமாக உப்பு, நம் முத்தையாபுரம் பக்கம் போகிற மாதிரியேதான். பாத்தித் தண்ணீர் மட்டும் ரோஸ் நிறம், ஓரத்தில் பூநாரை நிற்கும். உப்பு ஏற்றுகிற பாலத்தின் கால்களுக்கு நடுவேதான் இந்தத் தீவிலேயே நல்ல குளிப்பு, கப்பல் நிற்கிற நாளில் மட்டும் இறங்கக் கூடாது. அதைத் தாண்டி வரிசையாகச் சின்னச் சின்னக் கல் குடில்கள், 1850இல் கட்டியவை, உப்பு வெட்டிய அடிமைகள் தூங்க. வாசல் என் இடுப்புக்குத்தான் வருகிறது. உள்ளே குனிந்து போய்ப் பார்த்தேன், நிமிர முடியவில்லை. அம்மா உப்பளத்தில் நின்ற காலத்தில் அவள் காலில் இருந்த வெடிப்புதான் நினைவுக்கு வந்தது. வருகிறவர்கள் அந்தக் குடிலுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தி டேங்க் மாட்டுகிறார்கள். நானும் அங்கேதான் நிறுத்துகிறேன், வேறு நிழல் இல்லை.

சங்கு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, உதடு ரோஸ் நிறத்தில், நம் பால்சங்கை விடப் பெரிசு. எடுக்கக் கூடாது. 1971 முதல் ஈட்டித் துப்பாக்கியும் கூடாது. பக்கத்தில் கிடக்கிறதே என்று எனக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்தது, பழக்க தோஷம்.

சரி, இவ்வளவும் எழுதியது ஒரு காரியத்துக்காக. போன தடவை பேசும்போது, சங்கு குளித்து வந்தால் தலை வலிக்கிறது, ராத்திரி முட்டி குடைகிறது, தைலம் தேய்த்தேன் என்றீர்கள். அப்பாவுக்கும் அதே குடைச்சல்தான், நாம் வாதம் என்றோம். முட்டி குடைவது நைட்ரஜன் குமிழி. அண்ணே, பத்துப் பதினைந்து பாகத்தில் கம்ப்ரசர் டியூபைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் அது வரும். இங்கே அப்படி ஒருவனுக்கு வந்தால் ஆக்சிஜன் கொடுத்து, ஆஸ்பத்திரியில் அதற்கென்றே உள்ள அழுத்த அறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். தைலம் தேய்ப்பதில்லை. தலைவலிதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. இங்கே நாங்கள் கம்ப்ரசர் காற்றை இழுக்கிற குழாயைக் கூரைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறோம், வண்டிப் புகை அண்டாத பக்கமாக. நம் வள்ளத்தில் கம்ப்ரசர் இழுக்கிற வாயும் எஞ்சின் புகைக்குழாயும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன? நான் இருந்தபோது ஒரு முழம்கூட இல்லை. அந்தப் புகையில் உள்ள விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

சின்னவனிடம் சொல்லி, கம்ப்ரசரை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இழுக்கிற வாய் தெளிவாகத் தெரிய வேண்டும். அளவு தெரிந்தால் பில்டர் இங்கிருந்து வாங்கி அனுப்புவேன். அதுவரைக்கும் ஒரு பைப்பைச் சொருகி, காற்று வருகிற பக்கமாக உயரத் தூக்கிக் கட்டுங்கள். மேலே வரும்போது கடைசி மூன்று பாகத்தில் கொஞ்சம் நின்று நின்று வாருங்கள். திட்டினாலும் பரவாயில்லை, போட்டோ வந்தால்தான் அடுத்த மாசப் பணம்.

அம்மாவிடம் நான் மெலியவில்லை என்று சொல்லுங்கள். திருவிழா முடிந்ததும் மக்ரூன் வாங்கி அனுப்ப நினைக்க வேண்டாம், இங்கே வந்து சேர்வதற்குள் மாவாகிவிடும்.

உங்கள் தம்பி