நேரே கேட்டவர்களுக்கு நன்றி

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கத்து உறவுகளுக்கும், கீழே பெரியகுளத்திலும் மதுரையிலும் இருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என் ரத்தத்தில் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இப்போது இல்லை என்று ஆனி மாதக் கடைசியில் ரிப்போர்ட் வந்துவிட்டது. மாத்திரையெல்லாம் முடித்து 12 வாரம் கழித்து எடுக்கும் பரிசோதனை இது. அதிலும் வைரஸ் தென்படவில்லை என்றால் குணமாகிவிட்டது என்றே டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வீடு வீடாக வந்து சொல்லத்தான் ஆசை. இந்த மழையில் அது நடக்காது, அதனால் எழுதுகிறேன்.

குணமாக்கியது மாத்திரைதான், சரி. ஆனால் அதைப் போடுவதா, எப்போது போடுவது என்று நான் முழித்துக்கொண்டிருந்த நாட்களில் பக்கத்தில் இருந்தது நீங்கள்.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் தெரிந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. அந்த லேபில் ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கூட்டத்துக்கு நடுவிலேயே நோயின் பெயரையும் சத்தமாகச் சொன்னார். நான் மலை ஏறி வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. அவருக்கு இந்த மடலில் இடமில்லை.

1993இல் பெரும்பாறை வளைவில் ஜீப் கவிழ்ந்து எனக்கு ரத்தம் ஏற்றியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989இல்தான். தானமாக வரும் ரத்தத்தில் இது இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2000க்குப் பிறகுதான் வந்தது. அந்த ரத்தத்தில் வந்ததா, இல்லை ஒரே ஊசியை வெந்நீரில் போட்டுப் போட்டு ஊருக்கே குத்திய காலத்தில் வந்ததா என்று எனக்கு வைத்தியம் பார்த்த மதுரை டாக்டரம்மாவால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் நம் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். தொந்தரவு இல்லை என்று இருந்துவிடாமல் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

செய்தி பரவிய பிறகு என்னைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள், சிலர் தூரமாக நின்றே சிரித்தார்கள். சலூன் கடை அண்ணன் மட்டும் நேரே கேட்டார்: "மாப்ள, உனக்குச் சவரம் பண்ணினா அடுத்தவனுக்கு ஒட்டுமா?" அந்தக் கேள்வியை அப்படியே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். ரத்தத்தில்தான் பரவும், அதனால் ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகம்வெட்டி யாரோடும் பகிரக் கூடாது. ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, கை குலுக்குவதில் ஒட்டாது என்றார். அண்ணன் இப்போது வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர்கள் கண்ணெதிரே புது பிளேடு மாட்டுகிறார். அண்ணே, நீங்கள் கேட்ட பிறகுதான் மற்றவர்களுக்கும் கேட்கத் தைரியம் வந்தது.

மதுரைப் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வைரஸ் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் ஆர்.என்.ஏ. பரிசோதனை. இந்த வைரஸ் வந்தவர்களில் ஒரு பங்கினருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் போய்விடுமாம், அப்புறமும் வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் மட்டும் ரத்தத்தில் காட்டிக்கொண்டிருக்குமாம். எனக்குப் போகவில்லை. ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அது உள்ளே இருந்தால் சி-க்கு மருந்து கொடுக்கும்போது கிளம்பிவிடக்கூடும். கடைசியில் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன். அதில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது, ஆரம்பித்திருந்தது. இதையெல்லாம் அவசரமில்லாமல் சொல்லிவிட்டு, "தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. தேதியை நீங்கள் சொல்லுங்கள்" என்றார். மிரட்டியிருந்தால் நான் திரும்பிப் போயிருக்க மாட்டேன்.

உண்மையில் மாத்திரை போட விடாமல் என்னைப் பின்னால் பிடித்து இழுத்தது பெரியகுளத்து மச்சானின் கதை. இதே நோய்க்கு அவருக்குக் கிடைத்தது பழைய சிகிச்சை: வாரம் ஓர் இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை. காய்ச்சல், ரத்தசோகை, முடி கொட்டல், யாரிடமும் பேசப் பிடிக்காத மனநிலை. பாதியிலேயே நிறுத்திவிட்டார். அதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த மச்சானே பழைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார். "நான் பட்டது ஊசியில. அப்புறம் இதே மாத்திரையைப் போட்டுத்தான் எனக்கும் போச்சு. தலைவலியும் கொஞ்சம் அசதியும், அவ்வளவுதான்" என்றார். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது என்று டாக்டரம்மா சொன்னதை நான் நம்பியது அன்றைக்குத்தான்.

பண்ணைக்காட்டு வைத்தியர் ஐயாவையும் சொல்ல வேண்டும். கீழாநெல்லி கேட்டுப் போனேன். "காமாலைக்குக் கொடுப்பேன், தானாகவே சரியாகிற காமாலையும் உண்டு. இந்தக் கிருமிக்கு என்னிடம் மருந்தில்லை, கீழே போ" என்றார். வந்தவனைத் திருப்பி அனுப்புகிற வைத்தியர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மார்கழியில் காப்பிப் பழம் எடுக்கிற நேரத்தில் சிகிச்சை வேண்டாம், பங்குனிக்குப் பிறகு பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து அக்காமார் வந்து, உன் பழத்தை நாங்கள் எடுத்துத் தருகிறோம், நீ மாத்திரையைப் போடு என்றார்கள். எடுத்தும் தந்தார்கள். என் வீட்டில் காப்பி போடச் சொல்லி, என் டம்ளரிலேயே குடித்தார்கள். அது சும்மா நடந்ததில்லை என்று எனக்குத் தெரியும், அக்கா.

சோபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த தங்கச்சி, "வேற என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டாள். நான் கேஸுக்குத் தினமும் ஒரு மாத்திரை போடுவேன். வயிற்றுப் புளிப்பைக் குறைக்கிற மாத்திரை போட்டால் வெல்படாஸ்விர் உடம்பில் சரியாகச் சேராதாம். உடனே டாக்டரம்மாவிடம் அனுப்பி அதை நிறுத்த வைத்தாள். ஒரே ஒரு கேள்விதான், ஆனால் மருந்து வீணாகாமல் இருந்தது அதனால்தான்.

சோபோஸ்புவிர் 2013இல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1000 டாலர். அதன் காப்புரிமைக்கு எதிராக இந்தியாவில் மனுப் போட்ட நோயாளர் அமைப்புகளுக்கும், மலிவாகச் செய்து தந்த நம் மருந்துக் கம்பெனிகளுக்கும், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். என் கையிலிருந்து மருந்துக்கு ஒரு பைசா செலவாகவில்லை.

வைரஸ் போனாலும் இறுகிய கல்லீரல் இறுகியதுதான். புற்றுநோய் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்க்க வேண்டும். சாராயம் அடியோடு கூடாது. கல்யாண வீடுகளில் ஊற்றித் தர வருகிற மாப்பிள்ளைகள் இதைப் படித்துக்கொள்ளவும்.

அடுத்த ஸ்கேன் தைப்பூசக் கூட்டம் கலைந்த பிறகு. ஜீப் தம்பி, வத்தலக்குண்டு வரைக்கும் இத்தனை நடைக்கும் நீ வாடகை வாங்கவில்லை. இந்தத் தடவையும் வாங்காவிட்டால் நான் பஸ்ஸில் போய்விடுவேன்.

இப்படிக்கு,
தாண்டிக்குடி காப்பித் தோட்டக்காரன்