நிலக்கடலைக்காரருக்கு ஒரு கும்பிடு

ஹூஸ்டன்
26-1-2025

அன்புள்ள சந்தானம்,

நிலக்கடலை விவசாயியாக இருந்து ஜனநாயகக் கட்சி சார்பில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் இறந்த அன்று நீ அனுப்பிய செய்திக்கு நான் பதிலே போடவில்லை என்று விஜயாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாமே. "உங்கள் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு இன்றாவது மனம் இளகுமா?" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது, அதனால்தான் தாமதம். இங்கே எல்லோரும் நலம். போன வாரம் ஹூஸ்டனில் பனி கொட்டியது. கமலாவின் கறிவேப்பிலைச் செடி போய்விட்டது, வீட்டில் துக்கம் அனுசரிக்கப்படுகிறது. என் முழங்கால் பழையபடிதான். போதும்.

ஜனவரி 9 அன்று கார்ட்டரின் இறுதிச் சடங்கை முழுவதும் பார்த்தேன். ஸ்டீவன் ஃபோர்டு எழுந்து, தன் தந்தை எழுதிவைத்திருந்த இரங்கல் உரையை வாசித்தார். அந்தத் தந்தை, எங்கள் கட்சியின் முன்னாள் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு, 2006-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். யார் முந்தினாலும் மற்றவர் இரங்கல் பேச வேண்டும் என்று இருவருக்குள்ளும் பேச்சு. கார்ட்டர் தன் பங்கை 2007-லேயே செய்து முடித்துவிட்டார். 1976-ல் தன்னைத் தோற்கடித்தவருக்காக எங்கள் ஆள் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு நான் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது அழகில்லை.

ஆனால் ஒன்று. ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுத்தார், ஞாயிறுதோறும் பைபிள் வகுப்பு எடுத்தார், நோபல் பரிசு வாங்கினார் என்றெல்லாம் நீ பாடும் பாட்டை நான் பாடப்போவதில்லை. நல்ல மனிதர் என்பதற்காக ஒரு ஜனாதிபதியைப் புகழ்வது, பக்திமான் என்பதற்காகச் சமையல்காரரை வேலைக்கு வைப்பது போலத்தான். என் கும்பிடு, அரசுக் கட்டுப்பாடுகளை அவிழ்த்துவிட்டு அவர் செய்த வலதுசாரி வேலைக்கு. ஆம், நீ சரியாகத்தான் படித்தாய்.

நான் முதலில் வேலை பார்த்த சரக்கு அலுவலகம் உனக்கு ஞாபகமிருக்கும், மாடிப்படி வரைக்கும் கட்டண அட்டவணைப் புத்தகங்கள். எந்த லாரி, எந்தச் சரக்கை, எந்த ஊருக்கு, என்ன விலைக்கு ஏற்றலாம் என்பதையெல்லாம் வாஷிங்டனில் ஓர் ஆணையம் முடிவு செய்த காலம். பச்சைக் காய்கறியை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். அதே காய்கறியை டப்பாவில் அடைத்துவிட்டால் உரிமம் வேண்டும். இங்கிருந்து போகும் சரக்குக்கு உரிமம் இருக்கும், அங்கிருந்து திரும்பும் சரக்குக்கு இருக்காது. லாரி காலியாகவே நூற்றுக்கணக்கான மைல் திரும்பி வரும். அதுவும் பெட்ரோல் பங்குகளில் மக்கள் வரிசையில் நின்ற 1979-ல்! புதிதாக ஒருவன் தொழிலுக்கு வர விண்ணப்பித்தால், ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களெல்லாம் எழுந்து நின்று ஆட்சேபிக்கலாம். இந்தக் கூத்தை நான் கோப்புகளில் தினமும் பார்த்தவன். அதை உடைத்த சட்டத்தில் 1980 ஜூலையில் கையெழுத்திட்டது, அந்த ஆண்டுத் தேர்தலில் அவரைத் தோற்கடித்த எங்கள் கட்சியின் ரீகன் இல்லை, உன் நிலக்கடலைக்காரர். அக்டோபரில் ரயில் சரக்குக்கும் அதே வைத்தியம்.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் இடம் எது தெரியுமா? லாரி முதலாளிகளும் எதிர்த்தார்கள், லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கமும் எதிர்த்தது. அந்தச் சங்கம் அந்த ஆண்டுத் தேர்தலில் யாரை ஆதரித்தது? தடையற்ற சந்தை என்று மேடைதோறும் முழங்கிய எங்கள் ரீகனை! எங்கள் கூட்டங்களில் இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

விமானக் கதை உனக்கே தெரியும். 1938-லிருந்து நாற்பது ஆண்டுகள் நாடு தழுவிய பெரிய விமான நிறுவனம் ஒன்றைக்கூட, வழித்தடத்தையும் கட்டணத்தையும் முடிவு செய்த அரசு வாரியம் புதிதாக உள்ளே விடவில்லை. எங்கள் ஊர் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம், டெக்சாஸ் எல்லைக்குள்ளேயே பறந்ததால்தான் வாரியத்தின் கைக்கு அகப்படாமல் மலிவாக டிக்கெட் விற்றது. கார்ட்டர் அந்த வாரியத்தின் தலைமைக்கு பொருளாதார அறிஞர் ஆல்ஃப்ரெட் கானைக் கொண்டுவந்தார், 1978 அக்டோபரில் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டம் வந்தது, அடுத்த ஜனவரியிலேயே ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு சவுத்வெஸ்ட் பறந்தது. உங்கள் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடிக்கும் இதில் பங்கு உண்டு. அதை ஒப்புக்கொள்ள இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

இவ்வளவும் எனக்குப் பெரிதில்லை. விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றிய பால் வோல்க்கரை நியமித்ததுதான் பெரிது. 1979-ல் மத்திய வங்கித் தலைவராக்கும் முன்பே, "முன்னவரைவிடப் பணத்தை இறுக்கிப் பிடிப்பேன்" என்று அந்த மனிதர் கார்ட்டரிடம் நேரிலேயே சொல்லியிருந்தார். தெரிந்தே நியமித்தார். மறு ஆண்டு தேர்தல். வட்டி ஏறியது, வீடு வாங்க வந்தவன் ஓடிப்போனான், பணவீக்கமோ 13 சதவீதத்தைத் தாண்டியது. பிரசாரத்தின் கடைசியில் கார்ட்டர் மத்திய வங்கியைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுத்தார்தான். ஆனால் ஆளை மாற்றவில்லை. ரீகன் 44 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார். 1983-ல் பணவீக்கம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியபோது மாலை யார் கழுத்தில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? ரீகனும் வோல்க்கரைத் தாங்கிப் பிடித்தார், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் கசப்பு மருந்தை ஊட்டத் தொடங்கி, அதற்கான அடியை வாங்கிக்கொண்டது இவர்.

இதையெல்லாம் விற்கத் தெரியாத மனிதர், அதுதான் எரிச்சல். பொருளாதாரத்தைப் பூட்டு திறந்துவிட்ட ஜனாதிபதி, 1979 ஜூலையில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, நாட்டுக்கே நம்பிக்கை போய்விட்டது என்று உபதேசம் செய்கிறார். ஈரானில் அமெரிக்கத் தூதரக ஆட்கள் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக அடைபட்டுக் கிடந்தார்கள். மீட்கப் போன எட்டு வீரர்கள் பாலைவனத்தில் செத்தார்கள். பழியைத் தானே ஏற்றுக்கொண்டார், சரி. ஆனால் அதற்காக ஓட்டு விழுமா? அன்று எனக்குக் குடியுரிமை இருந்திருந்தால் ரீகனுக்குத்தான் போட்டிருப்பேன். இன்றும் அப்படித்தான்.

கார்ட்டர் ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுத்த பனாமா கால்வாயைப் பற்றி இப்போது எங்கள் ட்ரம்ப் பேசுவதைக் கேட்டு நீ கொதித்துக்கொண்டிருப்பாய். அதை ஏப்ரலில் நீ இங்கே வரும்போது வைத்துக்கொள்வோம். தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் பாலுவிடம் காட்டாதே. நான் கட்சி மாறிவிட்டேன் என்று திருச்சி வரைக்கும் தண்டோரா போட்டுவிடுவான், என் அண்ணன் உடனே போன் செய்து "வாழ்த்துகள்" என்பார்.

அன்புடன்,
ராகவன்